ஸ்கூல்கில் ஆற்றின் சாம்பியன்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் நுழையும் கூட்டம் முதலில் எகிப்துக் கோயிலுக்கும் வான்கா ஓவியங்களுக்கும்தான் போகிறது. அமெரிக்கப் பிரிவுக்கு வருகிறவர்களை எமானுவேல் லாய்ட்ஸேயின் பெரிய ஓவியம் இழுத்துக்கொள்கிறது. பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றை ஜார்ஜ் வாஷிங்டன் படகில் நின்றபடி கடக்கும் காட்சி அது. 12 அடிக்கு மேல் உயரம், 21 அடி அகலம். எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆனால் நான் பார்க்க வந்தது அதே பிரிவில் இருக்கும் இன்னொரு ஆற்றை, இன்னொரு படகை. 82 சென்டிமீட்டர் உயரம், 117 சென்டிமீட்டர் அகலம். வீட்டுக் கூடத்தில் மாட்டக்கூடிய அளவுதான். தாமஸ் ஏகின்ஸ் 1871இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த 'ஒற்றையர் படகுச் சாம்பியன்'.

சாம்பியனின் பெயர் மாக்ஸ் ஷ்மிட். பிலடெல்பியாக்காரர், வழக்கறிஞர், ஏகின்ஸின் பள்ளிக்காலத் தோழர். இருவரும் அந்த ஊரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். 1870 அக்டோபர் 5ஆம் தேதி ஸ்கூல்கில் ஆற்றில் நடந்த ஒற்றையர் படகுப் போட்டியில் ஷ்மிட் வென்றார். ஏகின்ஸுக்கு அப்போது 26 வயது. பாரிஸில் ஜெரோமிடம் ஓவியம் படித்துவிட்டு, ஸ்பெயின் போய் வெலாஸ்கெஸ், ரிபேரா ஓவியங்களைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு ஜூலையில்தான் ஊர் திரும்பியிருந்தார். ஐரோப்பாவில் படித்து வந்த இளம் ஓவியர்கள் அன்று புராணக் கதைகளையும் கீழைத்தேயச் சந்தைகளையும் வரைந்துகொண்டிருந்தார்கள். ஏகின்ஸ் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய ஆற்றையும் அதில் துடுப்பு வலித்த தோழரையும் எடுத்துக்கொண்டார். இந்த ஒரு முடிவுக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

படத்தில் விரிந்து கிடக்கிறது ஆறு. இலையுதிர்காலப் பிற்பகலின் சாய்ந்த வெயில். கரையில் பழுப்பேறிய மரங்கள். தூரத்தில் பாலங்கள், ஒரு நீராவிப் படகு. முன்னால் மெலிந்து நீண்ட ஒரு படகில் கையில்லாத வெள்ளை உள்சட்டை அணிந்த ஷ்மிட். வலிப்பதை நிறுத்திவிட்டு, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். சாம்பியன் என்று பெயர் வைத்த ஓவியத்தில் போட்டி இல்லை. வெற்றிக் கோடு இல்லை, கரையில் ஆர்ப்பரிக்கும் கூட்டம் இல்லை, தோற்றுப் பின்தங்கிய எதிராளிகள் இல்லை. வென்றவரை வரைந்த ஓவியர் வெற்றியை வரையவில்லை.

என்னுடன் வந்திருந்தவள் என் தங்கை மகள். தங்கை குடும்பம் நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில் இருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். இவள் பள்ளிப் படகு அணியில் இருக்கிறாள். அந்த ஊரை ஒட்டிய கூப்பர் ஆற்றில் விடியற்காலையில் பயிற்சி. உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாகக் காய்ப்பு. ஓவியத்தின் முன் அவள் நின்ற விதமே வேறாக இருந்தது. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அவர் சும்மா உட்கார்ந்திருக்கார்னு நினைக்காதீங்க. துடுப்பைக் கையிலேருந்து விட்டா இந்தப் படகு அப்படியே கவுந்துடும். ரெண்டு துடுப்பும் தண்ணி மேல படிஞ்சிருக்கிறதாலதான் நிக்குது. இவ்ளோ ரிலாக்ஸா கைய வெச்சுக்கிட்டு, தலையையும் திருப்பிப் பாக்கணும்னா செம பேலன்ஸ் வேணும்."

இன்றைய ஒற்றையர் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளம். நீர்மட்டத்தில் அகலம் ஒரு அடி அளவுதான். போட்டிக்கு உரிய குறைந்தபட்ச எடை 14 கிலோ. ஷ்மிட் காலத்துப் படகு மரத்தாலானது, கொஞ்சம் கூடுதல் கனம். ஆனால் அமைப்பு இதேதான். படகின் இருபுறமும் வெளியே நீளும் இரும்புக் கைகளில் துடுப்புகள் பொருந்தியிருக்கும். வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் தோளுக்கு மேல் திரும்பித்தான் பார்க்க வேண்டும். ஷ்மிட்டின் அந்தத் திரும்பல் ஓவியர் சொல்லி வைத்த தோரணை இல்லை. ஆற்றில் ஒவ்வொரு நாளும் நூறு தடவை செய்கிற காரியம். அதைத்தான் ஏகின்ஸ் உருவப்படமாக ஆக்கியிருக்கிறார்.

முகம் படத்தில் மிகச் சிறிய இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆனாலும் அறைக்குள் நுழைந்ததும் கண் அங்கேதான் போய் நிற்கிறது. சாய்ந்த வெயில் ஒரு பக்கம் படுகிறது, மறுபக்கம் நிழல். வெளிச்சத்துக்குச் சற்றே இடுங்கிய கண்கள். பெருமிதம் என்று சொல்ல முடியாது, சிரிப்பும் இல்லை. மூச்சு சீராகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் முகம். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெயில் விழுந்திருக்கும் தசையை அருகில் போய்ப் பாருங்கள்: எலும்பு எங்கே, தசைநார் எங்கே என்று அறிந்தவரின் கை அது. ஏகின்ஸ் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு படித்தவர். ஆனால் படித்த அறிவு மட்டும் இதைக் கொடுத்துவிடாது. அவரே இந்த ஆற்றில் துடுப்பு வலித்தவர். அந்தத் தோளின் களைப்பு எப்படி இருக்கும் என்று அவர் தோளுக்குத் தெரியும்.

படகின்மேல் 'ஜோஸி' என்று எழுதியிருக்கிறது. ஷ்மிட்டின் படகுப் பெயர். இன்னும் கொஞ்சம் பின்னால் இன்னொரு படகு. அதில் ஒருவர் மும்முரமாக வலித்துக்கொண்டு போகிறார். அவர் ஏகின்ஸ். தன் கையெழுத்தையும் ஆண்டையும் அந்தப் படகின்மேல்தான் போட்டிருக்கிறார். ஓவியத்தின் மூலையில் எழுத வேண்டிய பெயரை ஆற்றுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். சாம்பியன் முன்னால், ஓவியன் பின்னால், இருவரும் ஒரே தண்ணீரில். ஏகின்ஸின் அப்பா அழகெழுத்து ஆசிரியர், பட்டயங்களும் சான்றிதழ்களும் எழுதிக் கொடுத்தவர். எழுத்தை எங்கே வைப்பது என்கிற கணக்கு அந்த வீட்டில் கற்றதாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னும் தூரத்தில் பழைய பாணி உடையில் குவேக்கர் சமயத்தார் சிலர் ஒரு கனத்த படகில் போகிறார்கள். பிலடெல்பியாவை நிறுவிய வில்லியம் பென் குவேக்கர். அந்த நகரத்தின் பழைய காலமும், பாலங்களும் நீராவிப் படகுமாக வந்துவிட்ட புதிய காலமும், விடுமுறை நாளில் விளையாட ஆற்றுக்கு வரும் நகரத்து இளைஞனும் ஒரே பிற்பகலில் ஒன்றாக இருக்கிறார்கள். 

1871 ஏப்ரலில் பிலடெல்பியா யூனியன் லீக் கழகத்தில் இந்தப் படம் முதலில் காட்சிக்கு வந்தது. அன்றைய பத்திரிகை விமர்சனம் ஒன்று, ஆற்றிலும் ஆளின்மேலும் வெயில் கொளுத்த வானம் மட்டும் மங்கிக் கிடக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டது. நான் பார்த்த வானம் மங்கலாக இல்லை, நல்ல நீலம். ஏகின்ஸ் தன் ஓவியங்களில் வெளிச்சத்தைத் தணிக்க மேலே மெல்லிய கருஞ்சாயம் பூசும் பழக்கம் உள்ளவர் என்றும், பிற்காலத்தில் அவருடைய பல படங்களைச் சுத்தம் செய்தவர்கள் அழுக்கு என்று எண்ணி அதையும் துடைத்துவிட்டார்கள் என்றும் ஓவியப் பாதுகாப்பாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்த நீலத்தை நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. பழைய ஓவியத்தைத் துடைக்கும் கைக்கு வரைந்த கையின் அறிவு பாதியாவது வேண்டும்.

மறுநாள் காலை பென் ஸ்டேஷனில் பிலடெல்பியா ரயிலைப் பிடித்தோம். ஒன்றரை மணி நேரப் பயணம். நியூஜெர்சியின் கிடங்குகளும் சதுப்பு நிலங்களும் கடந்தால் டிரென்டன். அங்கே ரயில் டெலவேர் ஆற்றைத் தாண்டுகிறது. 1776 கிறிஸ்துமஸ் இரவில் வாஷிங்டன் படகில் கடந்த இடம் இங்கிருந்து சில மைல்கள் மேலே. முதல் நாள் 21 அடி அகலத்தில் பார்த்த ஆறு ரயில் ஜன்னலில் சில நொடிகளில் முடிந்துவிட்டது. அதன்பின் வடக்கு பிலடெல்பியாவின் செங்கல் வீடுகள், கைவிடப்பட்ட ஆலைகள். பிறகு இன்னொரு பாலம்.

இதற்காகத்தான் பேருந்தில் போகாமல் ரயிலில் வந்தேன். நியூயார்க்கிலிருந்து வரும் ரயில்கள் ஸ்கூல்கில் ஆற்றைக் கடக்கும் அந்த ரயில் பாலம், ஷ்மிட்டின் பின்னால் தெரியும் அதே பாலம். 1867இல் முடிந்த கனெக்டிங் ரயில்வே பாலம். ஏகின்ஸ் வரைந்தபோது அதற்கு நான்கு வயது; ஊரில் அதுதான் புதுசு. அன்று இருந்த நடு இரும்புப் பகுதி பிறகு கல் வளைவாக மாறியது. பக்கத்திலேயே கிரார்டு அவென்யூ பாலம். ஓவியத்தில் இருக்கும் கிரார்டு பாலம் 1855இல் கட்டியது, அது போய் இன்று வேறு பாலம் நிற்கிறது. ஜன்னலோரம் குனிந்து கீழே பார்த்தேன். பழுப்புப் பச்சைத் தண்ணீர். அதில் எட்டுப் பேர் வலிக்கும் நீளப் படகு ஒன்று, பக்கத்தில் பயிற்சியாளரின் மோட்டார் படகு. தங்கை மகள் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா மாமா, இன்னிக்கும் ஆள் இருக்கு!" என்றாள். பெட்டியில் இருந்த மற்றவர்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் முப்பதாவது தெரு ஸ்டேஷன்.

ஸ்கூல்கில் இயல்பில் படகோட்டத்துக்கு ஏற்ற ஆறு இல்லை; பாறையும் ஓட்டமும் உள்ளது. நகரத்துக்குக் குடிநீர் ஏற்றுவதற்காக 1822இல் ஃபேர்மவுன்ட் அணை கட்டி முடித்தார்கள். அணைக்கு மேலே மைல் கணக்கில் தண்ணீர் அசையாமல் தேங்கியது. குடிநீருக்காகக் கட்டிய அணை ஊருக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்துவிட்டது. படகுக் கழகங்கள் ஒவ்வொன்றாகக் கரையில் முளைத்தன. 1858இல் அவை சேர்ந்து 'ஸ்கூல்கில் நேவி' என்ற அமைப்பை உருவாக்கின. அமெரிக்காவில் அமெச்சூர் விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்புகளில் மிகப் பழையது அதுதான். அணையை ஒட்டிக் கரையில் வரிசையாக நிற்கும் அந்தக் கழகங்களின் வீடுகளுக்கு 'போட்ஹவுஸ் ரோ' என்று பெயர். கூரைக் கோபுரங்களும் மரப் பால்கனிகளுமாக, ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீடுகள். இரவில் அவற்றின் விளிம்பெல்லாம் விளக்கு எரியும். பிலடெல்பியாவின் எந்த அஞ்சலட்டையிலும் அந்தக் காட்சி இருக்கும்.

நாங்கள் போனபோது காலைப் பயிற்சி முடிந்து படகுகள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. இறங்குதுறையில் ஒருவர், அறுபதுக்கு மேல் வயது இருக்கும், தன் ஒற்றையர் படகைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு மரத்தாங்கிகளின் மேல் கவிழ்த்து வைத்தார். குழாய்த் தண்ணீரால் அலசினார். பிறகு துணியால் துடைக்க ஆரம்பித்தார்: அடிப்பாகம், விளிம்பு, இரும்புக் கைகளின் இடுக்கு, துடுப்புப் பூட்டும் வளையம், ஒன்று விடாமல். யாரும் பார்க்கவில்லை. அவசரம் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல அத்தனை கவனம். அவர் எப்போதாவது எதையாவது வென்றாரா என்று தெரியாது. ஆனால் ஏகின்ஸ் எதைப் பார்த்து வரைந்தார் என்பது அந்தத் துறையில் நின்றபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. போட்டி வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் இதுதான்.

ஆற்றோரமாகவே போகும் சாலைக்கு கெல்லி டிரைவ் என்று பெயர். அதில் வடக்கே நடந்தால் படகில் அமர்ந்து வலிக்கும் ஒருவரின் வெண்கலச் சிலை வருகிறது: ஜான் கெல்லி. கொத்தனாராக வேலை தொடங்கியவர். 1920இல் இங்கிலாந்தின் ஹென்லி போட்டியில் கலந்துகொள்ள அனுமதி மறுக்கப்பட்டது. அவருடைய படகுக் கழகத்தின்மேல் இருந்த பழைய தடையும், கையால் உழைத்தவர் அமெச்சூர் ஆக முடியாது என்கிற விதியும் காரணம். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம் வாங்கினார். 1924இல் பாரிஸில் இன்னொன்று. அப்பாவுக்குக் கதவடைத்த ஹென்லியில் மகன் ஜாக் கெல்லி 1947இலும் 1949இலும் வென்றார். மகள் கிரேஸ் கெல்லி ஹாலிவுட்டுக்குப் போய், பிறகு மொனாகோவின் இளவரசி ஆனார். இந்தக் குடும்பத்தின் கதையை பிலடெல்பியாக்காரர்கள் நின்று நிதானமாகச் சொல்வார்கள். போட்ஹவுஸ் ரோ வரிசையின் 14ஆம் எண் வீடு பெண்கள் கழகத்துடையது. 1938இல் தொடங்கியது. மற்றக் கழகங்கள் பெண்களைச் சேர்க்காத காலத்தில் தாங்களே கூடித் தொடங்கியது. தங்கை மகள் அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படம் எடுக்கச் சொல்லி போனை நீட்டினாள்.

கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முழு வலிப்பு எப்படி நடக்கிறது என்று அவளைக் கேட்டேன். எழுந்து நின்று, இல்லாத துடுப்பைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினாள். முழங்கால் மடித்து முன்னால் சாய்ந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விடுவது 'கேட்ச்'. காலால் உந்திப் பின்னால் சாய்வது 'டிரைவ்'. பார்க்கிறவர்களுக்குக் கை வேலை மாதிரி தெரியும்; பெரும்பாலும் கால் வேலை. துடுப்பு வெளியே வந்ததும் அலகைத் தட்டையாகத் திருப்பி, தண்ணீரை உரசாமல் முன்னுக்குக் கொண்டுவருவது 'ரிகவரி'. "எல்லாரும் டிரைவ்தான் முக்கியம்னு நினைப்பாங்க. எங்க கோச் ரிகவரியைத்தான் திட்டிக்கிட்டே இருப்பாங்க. அப்ப அவசரப்பட்டா படகு நின்னுடும் மாமா."

ஏகின்ஸும் அவருடைய பாரிஸ் ஆசிரியர் ஜெரோமும் கடிதத்தில் பேசிக்கொண்டது, இந்த வலிப்பின் எந்தக் கணத்தை வரைவது என்பதைப் பற்றித்தான். நியூயார்க்கைச் சேர்ந்த பிக்லின் சகோதரர்கள், ஜானும் பார்னியும், தொழில்முறைப் படகு வீரர்கள். 1872 மே மாதம் பிலடெல்பியாவுக்கு வந்து பிட்ஸ்பர்க் இணை ஒன்றை வென்றார்கள். ஏகின்ஸ் அவர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஜான் பிக்லினைத் தனியாக ஒற்றையர் படகில் வைத்து நீர்வண்ணத்தில் வரைந்து 1873இல் பாரிஸுக்கு அனுப்பினார். ஜெரோம் பாராட்டினார், ஒரு குறையும் சொன்னார்: வலிப்பின் நடுவில் ஆளைப் பிடித்து வரைந்தால் படகு ஓடுவதாகவே தோன்றாது, முற்றிலும் முன்னால் சாய்ந்த நிலையையோ, முற்றிலும் பின்னால் போன நிலையையோ எடுத்துக்கொள். ஏகின்ஸ் மறுபடி வரைந்து அனுப்பினார். இரண்டாவதை ஆசிரியர் மனம் நிறைந்து ஏற்றுக்கொண்டார். ஏகின்ஸ் ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் இந்தப் பாடம் நடந்திருக்கிறது. ஆனால் 1871இல், ஆசிரியரைக் கேட்காமல், ஷ்மிட்டை வரைந்தபோது இந்தச் சிக்கலை அவர் வேறு வழியில் தீர்த்திருந்தார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, வலிப்பையே நிறுத்திவிட்டார். அதனால்தான் முகம் கிடைத்தது. பிக்லின் படங்களில் உடல் அற்புதம். மனிதன் யார் என்று கேட்டால் ஷ்மிட் படத்துக்குத்தான் நான் திரும்புவேன்.

போட்ஹவுஸ் ரோவிலிருந்து கொஞ்சம் ஏறினால் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம். 'ராக்கி' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஓடி ஏறும் படிக்கட்டு இங்கேதான் இருக்கிறது. எந்நேரமும் யாராவது ஓடி ஏறிக் கையைத் தூக்குகிறார்கள். உள்ளே 'இருவர் வலிக்கும் படகு' இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஓவியம். மங்கும் மாலையில் பாலத்தூணின் அருகே பிக்லின் சகோதரர்கள். இதற்காக ஏகின்ஸ் போட்ட கோணக் கணக்கு வரைபடங்களை அச்சில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அலை முகத்தையும் கட்டடப் பொறியாளர்போல் அளந்து கோடு போட்டிருப்பார். நிழலின் கோணத்தை வைத்து, படத்தில் இருப்பது மாலை 7.20 மணி என்று ஓர் ஆய்வாளர் கணக்கிட்டுச் சொன்னார். இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் அந்தத் தண்ணீரில் ஈரம் இருக்கிறது. 

இதே இடத்தில் நான் அதிக நேரம் நின்றது வேறொரு படத்தின் முன். 'சுற்றுகளுக்கு இடையே.' 1898இல் ஏகின்ஸ் குத்துச்சண்டை அரங்குக்குப் போக ஆரம்பித்தார். அரங்கு அவர் முன்பு பாடம் நடத்திய பென்சில்வேனியா நுண்கலை அகாடமிக்கு எதிரிலேயே இருந்தது. படத்தின் நாயகன் பில்லி ஸ்மித் என்ற இளம் வீரர். மூலையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கயிற்றின்மேல் விரித்துப் போட்டிருக்கிறார். ஒருவர் துண்டால் விசிறுகிறார். கீழே நேரக் காப்பாளர் கடிகாரத்தின்மேல் குனிந்திருக்கிறார். மேலே புகை மண்டிய மாடத்தில் கூட்டம். அடி விழும் ஒரு கணமும் படத்தில் இல்லை. அந்தப் போட்டியில் ஸ்மித் தோற்றுப்போனார். 27 ஆண்டுகளுக்கு முன் ஷ்மிட்டை நிறுத்திய அதே இடத்தில்தான் ஏகின்ஸ் இவரையும் நிறுத்தியிருக்கிறார். முயற்சிக்கும் முயற்சிக்கும் நடுவில், மூச்சு வாங்கும் இடத்தில். வென்றவருக்கு ஒரு மாதிரி, தோற்றவருக்கு ஒரு மாதிரி என்று அவர் தூரிகை பிரித்துப் பார்க்கவில்லை. வெற்றியையும் அவர் ஒரு தடவை வரைந்தார். ஆன்டோவர் நகரில் இருக்கும் 'சல்யூதாத்' ஓவியத்தில் இதே ஸ்மித் கையுயர்த்திக் கூட்டத்தை வணங்குகிறார். அங்கேயும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவருடைய முதுகுதான்.

ஏகின்ஸின் வீடு மவுன்ட் வெர்னன் தெருவில் 1729ஆம் எண். அருங்காட்சியகத்திலிருந்து நடந்துபோகும் தூரம். சிறுவனாக வந்து, வாழ்நாளில் பெரும்பகுதி இருந்து, 1916இல் இறந்த வீடு. இன்று நகரின் சுவரோவிய அமைப்பு அதில் இயங்குகிறது. செங்கல் முகப்பைப் பார்த்துக்கொண்டு எதிர்ச் சாரியில் நின்றோம். 1886இல், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாதிரியின் இடுப்புத் துணியை அகற்றியதற்காக அகாடமி அவரைப் பதவி விலகச் செய்தது. அதன்பிறகு அவரிடம் உருவப்படத்துக்கு உட்கார்ந்தவர்களில் பலர் படத்தை வாங்கிக்கொண்டு போகக்கூட விரும்பவில்லை. தங்களைக் களைத்தவர்களாக, வயதானவர்களாகக் காட்டிவிட்டார் என்பது குறை. வாழ்நாளில் விற்றது மிகக் குறைவு. 'சுற்றுகளுக்கு இடையே' உட்பட ஏராளமான படங்கள் இந்த வீட்டிலேயே கிடந்தன. அவற்றைக் காத்து அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர் அவருடைய மனைவி சூசன் மக்டவல் ஏகின்ஸ். தானும் நல்ல ஓவியர். ஏகின்ஸைப் பற்றி எழுதும்போது சூசனின் பெயரை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமில்லை. அவர் இல்லாவிட்டால் நாம் பார்க்க இவ்வளவு இருந்திருக்காது.

ஏகின்ஸின் 'கிராஸ் கிளினிக்' ஓவியத்தை வெளியூருக்கு விற்க 2006இல் ஏற்பாடானபோது விலை 6 கோடியே 80 லட்சம் டாலர். பிலடெல்பியா மக்கள் பணம் திரட்டி ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். சாம்பியன் படமோ ஊரைவிட்டுப் போய்விட்டது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை 1934இல் வாங்கியது. "இங்கதானே மாமா இருக்கணும் அது?" என்று தங்கை மகள் கேட்டாள். அவள் கேட்டது சரிதான். ஷ்மிட் இந்த ஊர் ஆற்றின் சாம்பியன்; அவர் பார்வை பட வேண்டிய இடம் இதுதான். ஆனால் நியூயார்க்கில் இருப்பதால் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறவர்கள் அதைப் பார்க்க முடிகிறது. நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

விளையாட்டு வீரர்களின் உருவப்படங்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவை கோப்பையோடும் உயர்த்திய கையோடும் நின்றுவிடுகின்றன. பயிற்சியில் கழியும் நாளை, அந்த நாளின் அமைதியை, கூடவே துடுப்பு வலித்த தோழனின் கண்ணால் பார்த்து வரைந்த எண்ணெய் ஓவியம் என்றால் எனக்கு இதுதான் முதலில் வரும். 

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் நம்மில் இப்போது நிறையப் பேர். நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் போகிறவர்கள் இரண்டு ஊரையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். மெட்ரோபாலிட்டனில் அமெரிக்கப் பிரிவைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். கால் ஓய்ந்த பிறகு பார்க்கும் படம் இல்லை அது. இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் வார விடுமுறை உண்டு. ஓவியங்கள் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போவதும் உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவுக்கு ரயிலிலேயே போங்கள். பாலம் வரும்போது பையை எடுக்க எழுந்துவிடாமல் ஜன்னலோரம் இருங்கள். ஆற்றங்கரைக்குக் காலையில் போங்கள். அக்டோபர் என்றால் இன்னும் நல்லது: ஏகின்ஸ் வரைந்த வெயில் அப்போதுதான் அந்த ஆற்றின்மேல் விழும்.